தம்பிக்கு லித்தியம் நஞ்சானது: வழக்கு நிற்குமா, எந்த ஊரில் போடுவது?

கேட்டிருப்பவர் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியை. அவருடைய தம்பிக்கு 34 வயது, பைபோலார் நோய், அதாவது மிதமிஞ்சிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய். எல்லை தாண்டிக் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழு வருடமாக அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிட்டு வந்தார். தேங்காய் வியாபாரம் பார்த்துக்கொண்டு நன்றாகவே இருந்தார். போன சித்திரையில் முட்டி வலிக்கு அதே மருத்துவமனையின் எலும்பு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, கைநடுக்கம். போய்க் காட்டியதற்கு 'வைரல்' என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாள் பேச்சுக் குழறி, நினைவு தடுமாறி ஐ.சி.யு.வில் சேர்த்தபோது ரத்தத்தில் லித்தியம் 2.9. டயாலிசிஸ் செய்து உயிர் தப்பினார். இன்றும் தள்ளாடித்தான் நடக்கிறார், பேச்சு இழுக்கிறது. வழக்கு நிற்குமா, கேரளத்தில் போடுவதா தமிழ்நாட்டிலா, எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோமே, மனநோயாளி சொல்வது எடுபடுமா, மருத்துவமனை மூன்று லட்சம் தருகிறேன் என்கிறதே வாங்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

டீச்சர், வழக்கு நிற்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்தை வைத்து நிற்காது. "தப்பான மருந்தைக் கொடுத்து என் தம்பியைக் கெடுத்துவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். புகார் மனுவை அந்த வரியோடு தொடங்கினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. பைபோலாருக்கு லித்தியம் தப்பான மருந்தே இல்லை. 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் அதன் பலனை எழுதி வெளியிட்டார். இன்றுவரை அந்த நோய்க்கு முதல் வரிசையில் வைத்துப் பேசப்படும் மருந்து அது. தற்கொலையைத் தடுப்பதில் அதற்கு இருக்கும் சான்று வேறு மனநல மருந்துகள் பலவற்றுக்கு இல்லை. உங்கள் தம்பி அத்தனை வருடம் மண்டிக்குப் போய் வந்ததில் அந்த மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு. பார்க்க வேண்டிய ரத்தத்தைப் பார்க்காமல் விட்டதும், சேர்க்கக்கூடாத மருந்தைச் சேர்த்ததும்தான் அதை நஞ்சாக்கின. உங்கள் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மனநல சிகிச்சை பற்றிய வழக்குகளில் பொதுவாகவே இதுதான் நிலை. கொடுத்த மருந்தைக் குறை சொல்லி ஜெயிப்பது மிகக் கடினம். எடுக்காத பரிசோதனையையும் சொல்லாத எச்சரிக்கையையும் காட்டி ஜெயிக்க வழி இருக்கிறது.

இதைப் படிக்கிற வேறு யாராவது லித்தியம் சாப்பிடுகிறவராக இருந்தால், பயந்து இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் கடுமையாகத் திரும்பும் ஆபத்து அதிகம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது லித்தியம் அளவு, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, கால்சியம் கடைசியாக எப்போது பார்த்தது என்று கேளுங்கள். அது போதும்.

இனி நீங்கள் படம் எடுத்து அனுப்பிய ஓ.பி. நோட்டுக்கு வருகிறேன். முதல் வருடப் பக்கங்களில் மூன்று லேப் சீட்டுகள் பின் அடித்து இருக்கின்றன. லித்தியம் 0.7, 0.8, மறுபடி 0.7. அருமையான அளவு. அதற்கப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒரு தேதி முத்திரை, அதன் கீழே "ரிப்பீட் ஆல்" (பழைய மருந்தெல்லாம் அப்படியே), ஒரு சுருக்கக் கையெழுத்து. பக்கம் பக்கமாக அதுவே. எடைக்கும் பிரஷருக்கும் அச்சடித்த கட்டங்கள் காலி. ரத்தம் எடுக்கச் சொன்னதாக ஒரு வரி கூட இல்லை. கடைசிக்கு முந்தின பக்கத்தைப் பாருங்கள். மேலே மனநல டாக்டரின் எழுத்தில் 'லித்தியம் 300, 1-0-2' என்று இருக்கிறது. நாலு விரல் கீழே, வேறு மையில், எலும்பு டாக்டரின் எழுத்தில் 'டைக்ளோஃபெனாக் 50, 1-0-1, பத்து நாள்'. இரண்டும் ஒரே பக்கம், ஒரே மருத்துவமனை. இந்த ஒரு பக்கத்துக்கு ஈடாக எந்த சாட்சியும் பேசாது. அதை லேமினேட் செய்யாதீர்கள், பின்னைக் கழற்றாதீர்கள், யார் கேட்டாலும் அசலைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். கலர் நகல் எடுத்து அதை மட்டும் கொடுங்கள்.

அந்தப் பக்கம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், லித்தியம் உடம்பை விட்டு வெளியேறுவது கிட்டத்தட்ட முழுக்கச் சிறுநீரகம் வழியாகத்தான். சிறுநீரகம் அதை உப்பைப் போலவே நடத்துகிறது. வியர்த்து உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் உப்பைப் பிடித்து வைப்பது போல லித்தியத்தையும் பிடித்து வைக்கும். பாலக்காட்டுச் சித்திரை வெயில் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து அந்த வெளியேற்றத்தை இன்னும் மட்டுப்படுத்தும். பிரஷருக்குத் தரும் சில மாத்திரைகளும் நீர் பிரியத் தரும் தயாசைடு மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். நோயைக் கட்டுப்படுத்தத் தேவையான அளவு சுமார் 0.6 முதல் 1.0. 1.5-ஐத் தாண்டினால் நச்சுத்தன்மை தெரிய ஆரம்பிக்கும். மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அவ்வளவுதான். அதனால்தான் அளவு நிலைப்படும்வரை வாரம் ஒரு முறையும், முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், அப்புறம் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். கடைசி வேளை மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தமாக இருக்க வேண்டும். இதெல்லாம் எம்.பி.பி.எஸ். பாடத்திலேயே உள்ள விஷயம், யாரோ ஒரு நிபுணருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை.

இரண்டாவது தவறு அந்த 'வைரல்'. லித்தியம் சாப்பிடுகிறவர் வாந்தி, பேதி, பெரிய நடுக்கத்தோடு வந்தால் முதலில் எடுக்க வேண்டியது லித்தியம் அளவு. முந்தின ஆறு வருடக் கவனக்குறைவைக்கூட யாராவது ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம், அன்றைய விட்டுப்போதலைச் சமாளிப்பது கடினம். ஏனென்றால் அன்று எடுத்திருந்தால் மாத்திரையை நிறுத்தி, நீரேற்றி, தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்து, சிறுமூளை பாதிக்கப்படும் முன்பே காப்பாற்ற வாய்ப்பு இருந்தது. அந்த நாலு நாள்தான் உங்கள் தம்பியின் நடையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது என்று மனுவில் நேராகச் சொல்லலாம். லித்தியத்தை நிறுத்தி இரண்டு மாதத்துக்கு அப்புறமும் தள்ளாட்டமும் குழறலும் நீடித்தால் அதை நிரந்தரப் பாதிப்பாகக் கணக்கிடும் வழக்கம் மருத்துவத்தில் உண்டு. உங்களுக்கு அந்தக் காலம் எப்போதோ தாண்டிவிட்டது. ஒரு நரம்பியல் டாக்டரிடம் இதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். மருத்துவக் கவனக்குறைவு என்று எந்த வழக்குப் போட்டாலும் இந்தியாவில் நீதிபதிகள் முதலில் எடுப்பது போலம் வழக்கு. அது ஒரு மனநல சிகிச்சை வழக்கு என்பது பலருக்குத் தெரியாது. 1954-ல் லண்டனில் ஃப்ரையன் மருத்துவமனையில் ஜான் போலம் என்பவருக்கு, தசையைத் தளர்த்தும் மருந்து கொடுக்காமல் மின்சார ஷாக் சிகிச்சை வைத்தார்கள். உடம்பு துள்ளியதில் இரண்டு இடுப்புக் குழிகளும் உடைந்தன. அன்றைக்கு அந்த மருந்தைக் கொடுக்கும் டாக்டர்களும் இருந்தார்கள், கொடுக்காத டாக்டர்களும் இருந்தார்கள். பொறுப்பான டாக்டர்களில் ஒரு பிரிவினர் ஏற்கும் முறைப்படி நடந்திருந்தால், வேறு பிரிவு மாறுபட்டாலும் அது கவனக்குறைவு ஆகாது என்று 1957-ல் நீதிபதி மக்நேர் ஜூரிக்கு விளக்கினார். போலம் தோற்றார். அந்த அளவுகோலைத்தான் 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அதே உச்ச நீதிமன்றம் சில வழக்குகளில் அதை இன்னும் கறாராகப் படிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது, ஆனாலும் அடித்தளம் அதுதான்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போலமுக்கு அன்று செய்ததை இன்று ஒரு டாக்டர் இந்தியாவில் செய்தால் "பல டாக்டர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்" என்று சொல்லித் தப்ப முடியாது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், 95-ம் பிரிவில், மயக்க மருந்தும் தசைத்தளர்ச்சி மருந்தும் இல்லாமல் ஷாக் வைப்பதை நேரடியாகத் தடை செய்துவிட்டது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதையும் அதே பிரிவு தடுக்கிறது. சட்டமே ஒரு கடமையை எழுதிவைத்த இடத்தில் டாக்டர்களின் வழக்கம் என்ன என்ற கேள்விக்குப் பெரிய இடம் இல்லை. உங்கள் தம்பி விஷயத்தில் சட்டம் லித்தியத்தின் பெயரைச் சொல்லவில்லைதான். ஆனால் போலம் அளவுகோலை வைத்தே கேட்கலாம்: லித்தியம் கொடுத்துவிட்டு ஆறு வருடம் ரத்தமே பார்க்க வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பான டாக்டர் பிரிவு எங்கே இருக்கிறது? அப்படி ஒரு பிரிவு இல்லை. இந்திய மனநல மருத்துவச் சங்கத்தின் சிகிச்சை வழிகாட்டியில் இருந்து, மருந்து நிறுவனமே வெளியிடும் விவரக்குறிப்பு வரை எல்லாவற்றிலும் கண்காணிப்பு எழுதப்பட்டிருக்கிறது. அந்த இரண்டையும் அச்செடுத்து மனுவோடு சேர்த்துவிடுங்கள்.

வேறு மருந்துகளில் பாதிக்கப்பட்டவர்களும் இதே கண்ணோடு தங்கள் ஃபைலைப் பார்க்கலாம். தீவிர மனச்சிதைவுக்குத் தரும் க்ளோசபின் மாத்திரைக்கு ரத்த வெள்ளணு எண்ணிக்கை பார்த்தே ஆக வேண்டும். 1975-ல் ஃபின்லாந்தில் வெள்ளணு குறைந்து எட்டுப் பேர் இறந்தபின் வந்த கட்டுப்பாடு அது. பைபோலாருக்கும் வலிப்புக்கும் தரும் லாமோட்ரிஜின், அளவை மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து, அதே நோய்களுக்குத் தரும் வால்ப்ரோயேட்டோடு சேர்த்தால் இன்னும் மெதுவாக. அவசரப்பட்டு ஏற்றினால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு வால்ப்ரோயேட் எழுதும்போது கருவுக்கு வரும் ஆபத்தைச் சொல்லாமல் விட்டால் அது பெரிய தவறு. ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளை வருடக்கணக்கில் எடுத்தால் நாக்கும் வாயும் தானாக அசையும் நிலை வரலாம், அதை அவ்வப்போது பார்த்து எழுத வேண்டும். ஆனால் உடம்பு பருத்தது, தூக்கம் அதிகமானது, முதல் மருந்து கேட்காமல் இரண்டாவது மருந்துக்கு மாற்றினார்கள், ஒரு டாக்டர் சொன்ன நோயின் பெயரை இன்னொருவர் மாற்றினார் என்பவற்றை மட்டும் வைத்து வழக்குக்குப் போகாதீர்கள். பணமும் வருடங்களும் போய்விடும்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று இப்போதே யோசித்து வையுங்கள். "ரத்தம் எடுக்க வாயால் சொன்னோம், அவர்தான் எடுக்கவில்லை" என்பார்கள். நோட்டில் எழுதாததைச் சொன்னதாக நிரூபிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. "வலி மாத்திரையைக் கடையில் வாங்கித் தானே கூடுதலாகச் சாப்பிட்டார்" என்பார்கள். மெடிக்கல் ஷாப் பில்லும் மீந்த மாத்திரைப் பட்டையும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள், எத்தனை வாங்கினார் எத்தனை மீந்தது என்று கணக்குச் சொல்லும். "ஏற்கனவே கிட்னி கெட்டிருந்தது" என்பதும் வரும். கெட்டிருந்தால் அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனை, அதைச் செய்யாதவரே அதைக் காரணம் காட்ட முடியாது. மருத்துவமனையில் சேர்ந்து பாதிப்பு வந்தது என்று நோயாளி காட்டிவிட்டால், என்ன செய்தோம் என்று விளக்கம் தர வேண்டியது மருத்துவமனைதான் என்று 2004-ல் சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று 2010-ல் கிஷன் ராவ் வழக்கில் சொன்னது. அது ஹைதராபாத் வழக்கு, மலேரியாவுக்கு டைபாய்டு மருந்து கொடுத்து நோயாளி இறந்தது. அப்படிச் சொல்லியிருந்தாலும் உங்கள் விஷயத்தில் ஒரு மனநல மருத்துவரின் கருத்தை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். உள்ளூரில் ஒருவரும் இன்னொரு டாக்டருக்கு எதிராக எழுதித் தர மாட்டார்கள். மருத்துவக் கல்லூரியில் இருந்து ஓய்வு பெற்ற பேராசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள், அல்லது அரசு மருத்துவக் கல்லூரி நிபுணர் குழுவுக்கு அனுப்பும்படி, வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்திடமே மனுப் போடலாம்.

கையெழுத்துப் பற்றிய பயம் தேவையில்லை. சிகிச்சைக்குச் சம்மதம் கொடுத்தீர்கள், கவனக்குறைவுக்குச் சம்மதம் கொடுக்கவில்லை. எந்தச் சம்மதமும் அதில் சொன்ன காரியத்துக்கு மட்டும்தான் என்பதை 2008-ல் சமீரா கோலி வழக்கு தெளிவாக்கியது. மனநல சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நோய் என்ன, சிகிச்சை என்ன, தெரிந்த பக்கவிளைவுகள் என்ன என்று நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது. எல்லையில் வாழும் நமக்கு இது ரொம்பப் பெரிய விஷயம். நம் பெரியவர்கள் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் படிக்கத் தெரியாது. திருச்சூரில் மலையாளத் தாளிலும் கோவையில் ஆங்கிலத் தாளிலும் "இங்கே போடுங்க, அங்கே போடுங்க" என்று விரலால் காட்டி வாங்கிய கையெழுத்துகள் நம்மில் எத்தனை வீட்டில் இருக்கின்றன! 'லித்தியம் சாப்பிடும்போது வலி மாத்திரை வாங்காதே, வெயில் காலத்தில் தண்ணீர் நிறையக் குடி, பேதி வந்தால் உடனே வா' என்று தமிழில் யாராவது உங்கள் தம்பியிடம் சொன்னார்களா என்பதை மனுவில் நேரடியாகக் கேட்டு எழுதுங்கள்.

எங்கே போடுவது என்பதற்குப் பதில் பாலக்காடு. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் போடலாம். இது நம் பக்கத்து ஆட்களுக்குக் கிடைத்த நல்ல மாற்றம். 1986-ன் பழைய சட்டப்படி எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ சம்பவம் நடந்த ஊரிலோதான் போட வேண்டும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோவைக்கு ஓட வேண்டியிருக்கும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ன் சட்டம், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலேயே கொடுக்கலாம் என்கிறது. மாவட்ட ஆணையத்தின் வரம்பு 50 லட்சம் என்பதும் நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்து இல்லை, மருத்துவமனைக்கு நீங்கள் கட்டிய தொகையை வைத்து. கட்டியது ஐந்து லட்சத்துக்குள் என்றால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது. நுகர்வோர் ஆணையங்களின் இ-ஜாக்ருதி இணையதளத்தில் மனுவை ஏற்றலாம், கேரள அரசின் அக்ஷயா இ-சேவை மையத்தில் உதவி கிடைக்கும். தமிழில் உள்ள காகிதங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் அதற்கே ஒரு வாய்தா போகும்.

டாக்டர்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவார்களா என்று இன்னமும் சிலர் கேட்கிறார்கள். அந்தச் சண்டையும் ஒரு காலத்தில் இந்த எல்லைக்கு இரண்டு பக்கமும்தான் நடந்தது. வர மாட்டார்கள் என்றது 1994-ல் சென்னை உயர் நீதிமன்றம். அதற்கு முன்பே திருவனந்தபுரத்து வழக்கு ஒன்றில் வருவார்கள் என்று தேசிய ஆணையம் சொல்லியிருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்து, பணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை ஒரு சேவைதான் என்று 1995 நவம்பரில் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்தது. எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனைகள், அரசுடையதானாலும் தனியாருடையதானாலும், இதில் வராது, ஓ.பி. சீட்டுக்குச் சின்னத் தொகை கட்டியிருந்தாலும் வராது. திருச்சூர் அரசு மனநல மையத்திலோ கோவை அரசு மருத்துவமனையிலோ பாதிப்பு ஏற்பட்டவர்கள் சிவில் வழக்கு அல்லது உயர் நீதிமன்ற ரிட் மனுவைத்தான் யோசிக்க வேண்டும்.

கால அளவு இரண்டு வருடம். இதில் அசந்துவிடாதீர்கள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்காரக்கூடாது. ஸ்ரீகண்டே வழக்கு என்று ஒன்று உண்டு. அறுவை சிகிச்சையில் வயிற்றுக்குள் துணி விட்டுப்போய், வருடக்கணக்கில் வலியோடு இருந்த ஒரு பெண்மணி வெகு காலம் கழித்துப் புகார் கொடுத்தார். அவர் ஒரு நர்ஸ், வலி வந்தபோதே அந்த டாக்டரிடம் போயிருக்க வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. உங்களுக்கு ஒரு வருடம் ஓடிவிட்டது.

அதற்கு முன் ஃபைல். தம்பியின் கையெழுத்தோடு, சேர்ந்த தேதி முதல் டிஸ்சார்ஜ் வரை உள்ள கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்பு, மருந்துச் சார்ட், லேப் ரிப்போர்ட் எல்லாவற்றின் நகலும் வேண்டும் என்று கடிதம் எழுதி, ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ன் மருத்துவ நெறி விதி. மனநல சட்டத்தின் 25-ம் பிரிவும் நோயாளிக்குத் தன் பதிவுகளைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. அவருக்குக் கடுமையான மனத்தீங்கோ பிறருக்குத் தீங்கோ வரும் என்று கருதும் பகுதியை மட்டும் டாக்டர் நிறுத்தி வைக்கலாம், லேப் ரிப்போர்ட்டை அப்படிச் சொல்லி மறைக்க முடியாது. உள்நோயாளி பதிவுகளை மூன்று வருடம் வைத்திருந்தால் போதும் என்பதும் அதே நெறி விதியில் இருக்கிறது. ஏழு வருடக் கதையைச் சொல்ல உங்கள் கையில் உள்ள ஓ.பி. நோட்டைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாமல் போகலாம். பழைய லேப் சீட்டுகளை வீட்டில் தேடுங்கள். தெர்மல் தாளில் அச்சான பில்களின் எழுத்து மங்கிவிடும், இன்றே படம் எடுங்கள்.

மனநோயாளி சொல்வது எடுபடுமா என்ற கேள்வியைப் படித்தபோது மனசு கஷ்டப்பட்டது, ஏனென்றால் பலர் அதற்குப் பயந்தே வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள். மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கருத முடியாது, தகுதியுள்ள நீதிமன்றம் அப்படி அறிவித்திருந்தால் மட்டுமே முடியும் என்று மனநல சட்டத்தின் 3-ம் பிரிவு சொல்கிறது. புகாரில் முதல் பெயர் தம்பியுடையதாகவே இருக்கட்டும், நீங்கள் அவருக்கு உதவியாக இருங்கள். எதிர்த்தரப்பு அவர் நோயைப் பற்றிக் கண்டபடி பேசினால் ஆட்சேபம் தெரிவிக்கச் சொல்லி வக்கீலிடம் முன்பே பேசிவிடுங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றாலும் வழி உண்டு. மனநோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சித்தூர் தாலுகா சட்டப்பணிக் குழுவில் கேளுங்கள், அல்லது சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள்.

போலீஸுக்குப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான கவனக்குறைவைக் காட்ட வேண்டும், அரசு டாக்டர் ஒருவரின் நடுநிலையான கருத்து இல்லாமல் போலீஸ் நகரக்கூடாது என்று ஜேக்கப் மேத்யூ தீர்ப்பே சொல்கிறது. அது உங்கள் சக்தியைத் தின்றுவிடும். மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் கொடுப்பதில் தவறில்லை. டாக்டர் எந்த மாநிலத்தில் பதிவு செய்திருக்கிறாரோ அங்கே கொடுக்க வேண்டும், கோவை டாக்டர் என்றால் பெரும்பாலும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். அங்கே நஷ்டஈடு கிடைக்காது, டாக்டர் மேல் நடவடிக்கை எடுப்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் தாலுகாவில் அதற்குத் தேவை இருக்கிறது. குடியை நிறுத்தும் மறுவாழ்வு மையங்கள் என்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பல இருக்கின்றன. குடிக்கு அடிமையான நிலையையும் மனநல சட்டம் தனக்குள் எடுத்துக்கொள்கிறது, அங்கே பதிவு உண்டா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சங்கிலியால் கட்டிப்போடுவது குற்றம். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியோடு கிடந்த 28 பேர் இறந்ததை நாம் மறக்கக்கூடாது. அதைவிடச் சாதாரணமாக நடக்கும் ஆபத்து ஒன்று, குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துப் புருஷனுக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுக்கச் சொல்வது. தெரியாமல் அவர் கள்ளுக் குடித்தால் பிரஷர் சரிந்து உயிரே போகலாம். அப்படிச் சொல்லிக் கொடுக்கும் டாக்டர் செய்வது சிகிச்சையே இல்லை.

கடைசியாக அந்த மூன்று லட்சம். கொல்கத்தாவில் மருத்துவக் கவனக்குறைவால் மனைவியை இழந்த குணால் சாஹாவுக்கு 2013-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 6 கோடி கொடுத்தது என்று யாராவது உங்களிடம் சொல்லி ஆசை காட்டுவார்கள். அவர் பதினைந்து வருடம் போராடினார், அந்தத் தொகை அபூர்வம். ஆனால் மூன்று லட்சமும் உங்கள் கணக்குக்குப் பக்கத்தில் வராது. ஐ.சி.யு., டயாலிசிஸ் பில், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, மண்டி வருமானம் நின்றது, கூடவே ஒருவர் இருக்க வேண்டிய செலவு, 34 வயதில் மிச்சமிருக்கும் வேலைக் காலம், அவர் படும் வேதனை எல்லாமே கணக்கில் வரும். வருமானத்துக்கு மண்டிப் பேரேடு, வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். 'இதோடு எல்லாம் முடிந்தது' என்று எழுதிய எந்த முத்திரைத் தாளிலும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். நரம்பியல் டாக்டரின் கடிதமும் மாவட்ட மருத்துவமனையின் மாற்றுத்திறன் சான்றிதழும் கைக்கு வரட்டும். அவர்கள் தொகையைப் பற்றிப் பேச வந்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். புகார் பதிவான பின் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் ஆணையமே சமரச மையத்துக்கு அனுப்பும், 2019-ன் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அந்தப் பேச்சை அங்கே, வக்கீலை வைத்துக்கொண்டு பேசுங்கள்.